சேர்த்து வாசிக்க வராத மகளும் மூன்று மணிக் கூட்டமும்

அன்புள்ள அய்யா,

நான் ஆம்பூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். நானும் கணவரும் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறோம். காலை ஏழு மணிக்கெல்லாம் வேன் வந்துவிடும். வீடு திரும்ப இரவு ஏழாகிவிடும். பகலில் மாமியார்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். மகள் ஊரில் உள்ள ஒன்றியப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்கிறாள், சேர்த்து வாசிக்க வரவில்லை. போன மாதம் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். மூன்று மணிக்குக் கூட்டம். "நாங்கள் எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் வீட்டில் கவனிக்க ஆள் இல்லையென்றால் என்ன செய்வது?" என்று டீச்சர் எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் எட்டாவது வரைதான் படித்தேன். பதில் சொல்லத் தெரியாமல் தலைகுனிந்து வந்துவிட்டேன். டியூஷனில் சேர்க்கலாமா, தனியார் பள்ளிக்கு மாற்றலாமா, இல்லை நான் வேலையை விட்டுவிட வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை விடாதீர்கள். உங்கள் சம்பளம் வரும் வீட்டில்தான் மகள் ஐந்தாம் வகுப்புக்கு மேலும் படிப்பாள். தனியார் பள்ளிக்கு மாற்றினால் கட்டணம் கூடும், வாசிப்புச் சிக்கல் அவளோடு புதிய பள்ளிக்கும் போகும். டியூஷனும் இப்போது வேண்டாம். நம் ஊர்களில் மூன்றாம் வகுப்பு டியூஷன் என்பது பெரும்பாலும் வீட்டுப்பாடத்தை எழுதி முடிக்க வைப்பதுதான். வாசிக்கத் தெரியாத பிள்ளை அழகாகப் பார்த்து எழுதக் கற்றுக்கொண்டுவிடும், நோட்டு நிறைந்திருப்பதைப் பார்த்து நாமும் நிம்மதியாகிவிடுவோம்.

கூட்டத்தில் உங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி தவறானது. கேட்டவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. பல ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் பார்க்கிறார்கள், அதற்கு நடுவே எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவும் செய்கிறார்கள். அவர்களுடைய அலுப்பு உண்மையானது. ஆனால் அந்த அலுப்பு, அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்த ஒரு தாயின் தலையில் ஊர் முன்னிலையில் இறங்கக் கூடாது. அப்படி இறங்கினால் அந்தத் தாய் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். பிறகு, "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று பள்ளி சொல்லும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்துவிட்ட நம் பழைய வேலூர் மாவட்டத்தில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. தோல் தொழிற்சாலைக்கும் பீடிக்கும் தறிக்கும் நேரத்தை விற்றுவிட்ட குடும்பங்களைப் பிற்பகல் மூன்று மணிக்கு வரச் சொல்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 24-ஆவது பிரிவில் ஆசிரியரின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. பெற்றோரை முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பது அந்தக் கடமைகளில் ஒன்று. ஆகவே, மகள் எங்கே நிற்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

அடுத்த முறை போகும்போது இரண்டே கேள்விகள் கேளுங்கள். முதலாவது, "என் மகள் அரும்பா, மொட்டா, மலரா?" 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை இந்த மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதைவிட, உண்மையில் எதுவரை தெரியும் என்பதைப் பார்க்கும் பிரிவு இது. ஆசிரியரிடம் பதில் கட்டாயம் இருக்கும். இரண்டாவது, "எந்த எழுத்தில் தடுமாறுகிறாள்?" இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்.

தமிழில் எழுதும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் மாறி வரும் இடங்கள் சில உண்டு. "பொம்மை" என்ற சொல்லைப் பாருங்கள். ஒற்றைக் கொம்பு பகரத்துக்கு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது, மூன்றையும் சேர்த்து ஒரே ஒலியாகச் சொல்ல வேண்டும். தடுமாறும் பிள்ளைகள் துணைக்காலை "ர" என்று எடுத்துக்கொண்டு "பெ...ர...ம்...மை" என்று வாசிப்பதை நான் பல வகுப்பறைகளில் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை மந்தமானது இல்லை, அதற்குத் தெரியாதது ஒரே ஒரு சேர்க்கை. "வீட்டில் கவனியுங்கள்" என்றால் ஒரு தாய் எதைக் கவனிப்பார்? "ஒகரம் ஏறிய எழுத்துகளில் சிக்குகிறாள், இந்த வாரம் கொ, பொ, தொ மட்டும் பாருங்கள்" என்று ஆசிரியர் சொன்னால் எட்டாவது படித்த நீங்கள் தாராளமாகச் செய்வீர்கள். வாசலில் சாக்பீஸால் மூன்று எழுத்து எழுதினால் போதும். பள்ளியும் வீடும் கைகோத்துக்கொள்வது என்று மேடைகளில் பேசுகிறார்களே, என் கணக்கில் அது இவ்வளவு சின்ன, இவ்வளவு துல்லியமான தகவலில்தான் தொடங்குகிறது.

உங்கள் மகள் மட்டும்தான் பின்தங்கிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததற்குப் பிறகு, 2022-இல் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்து எடுத்த ஏசர் ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

வீட்டில் என்ன செய்யலாம்? நீங்கள் சமைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பத்தியை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தப்பு வந்தால் உடனே திருத்த வேண்டாம், முடிக்க விடுங்கள். பிறகு அதே பத்தியை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லுங்கள். அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சின்னப் புத்தகங்கள் வெளியிட்டிருக்கிறார்கள். பள்ளியில் இருக்கின்றனவா, வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்களா என்று கேளுங்கள். பீரோவில் பூட்டி வைத்திருந்தால் தயங்காமல் திறக்கச் சொல்லுங்கள்.

கணக்குக்கு உங்கள் வேலையே போதும். "இன்றைக்கு எங்கள் லைனில் நூற்றிருபது ஜோடி முடித்தோம், மொத்தம் எத்தனை ஷூ?" என்று கேளுங்கள். "நேற்று நூறு ஜோடி, எவ்வளவு கூடியிருக்கிறது?" என்று கேளுங்கள். அம்மா பகலெல்லாம் என்ன செய்கிறாள் என்று பிள்ளைக்குத் தெரிய வரும், இரண்டாம் வாய்ப்பாடும் தானாக வரும். இது பாடம் இல்லை என்று எந்த ஆசிரியரும் சொல்ல முடியாது.

இனி எழுதுவது உங்களுக்கு மட்டும் இல்லை, இதை வாசிக்கும் ஆசிரியர்களுக்கும். பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தலைமை ஆசிரியை, கம்பெனி வேன்கள் திரும்பிய பிறகு, இரவு ஏழரை மணிக்கு மாரியம்மன் கோயில் திண்ணையில் கூட்டம் வைத்ததை நேரில் பார்த்தேன். ஒவ்வொரு தாயின் கையிலும் அவரவர் பிள்ளையின் நோட்டைக் கொடுத்தார். பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றை முதலில் சொன்னார். பிறகு, "வீட்டில் இவன் எப்படி?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். ஒரு தாய், "வி.கோட்டா பஸ், குடியாத்தம் பஸ் எல்லாம் தூரத்திலேயே போர்டு படித்துச் சொல்லிவிடுவான்" என்றார். வகுப்பில் வாயே திறக்காத பையன் அவன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், தமிழில் கதை சொல்லச் சொன்னால் விறைத்துப் போய்விடுவானாம். முதலில் தெலுங்கில் சொல்லட்டும் என்று அந்த ஆசிரியை அங்கேயே முடிவு செய்தார். ஆந்திர எல்லை ஊர்களில் தெலுங்கும், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடியில் உருதுவும் எத்தனையோ வீடுகளின் பேச்சு. அந்தத் தாய்மார்கள் பிள்ளைகளோடு அவரவர் மொழியில் நிறையப் பேச வேண்டும், கதை சொல்ல வேண்டும். வீட்டிலும் தமிழிலேயே பேசுங்கள் என்று அறிவுரை சொல்லி அந்தப் பேச்சை நிறுத்திவிடாதீர்கள். ஒரு மொழியில் நன்றாகப் பேசக் கற்ற பிள்ளை இன்னொரு மொழியில் வாசிக்க வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை.

1954-இல் முதலமைச்சரான காமராசர் குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்றுதான் சட்டமன்றத்துக்குப் போனார். அவருடைய ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்நின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர்மக்கள் தங்கள் பள்ளிக்குப் பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் கொடுத்தார்கள். பொருள் கொடுக்கக் கூப்பிட்டபோது ஊர் திரண்டு வந்தது. கருத்துச் சொல்ல அதே மக்களைக் கூப்பிட இன்றைக்குத் தயக்கம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பல இடங்களில் அந்தப் பெண்களிடம் கையெழுத்து நோட்டை மட்டும் நீட்டுகிறார்கள். அந்தக் குழு நினைத்தால் கூட்ட நேரத்தை மாற்றும்படி தீர்மானம் போடலாம். உங்கள் வேனில் வருகிறவர்களில் அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய்மார்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். நான்கு பேராகச் சேர்ந்து கேளுங்கள், தனியாகக் கேட்க வேண்டாம்.

நேரம் மாறும்வரை மாமியாரை அனுப்புங்கள். பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் அழைத்து வருவதும் சாப்பாடு போடுவதும் அவர்தானே? பகலெல்லாம் அவள் எப்படி இருக்கிறாள் என்று அவருக்குத்தான் அதிகம் தெரியும். படிக்காதவர் என்று யாரும் தடுக்க முடியாது. சட்டம் பெற்றோர் என்று சொல்லும் இடத்திலெல்லாம் பாதுகாவலர் என்றும் சேர்த்தே சொல்கிறது. அந்த இரண்டு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள், பதிலை அதே தாளில் எழுதித் தரும்படி ஆசிரியரிடம் கேட்கட்டும்.

அன்புடன்