வாசகர் கேள்வி – பதில்: அம்பலக்காட்டில் தமிழ் படித்த இளந்துறவிகள்

கேள்வி: அருளானந்தரும் வீரமாமுனிவரும் ஐரோப்பாவிலிருந்து வந்த புதிதில், இன்றைய திருச்சூர் மாவட்டத்து அம்பலக்காட்டில் தங்கியிருந்துவிட்டுத்தான் தமிழ்நாட்டுக்குள் வந்தார்கள் என்று எங்கள் பங்கின் விழா மலரில் வாசித்தேன். மலையாளம் பேசும் ஊரில் எதற்காகத் தமிழ் படிக்க வேண்டும்? எப்படிப் படித்தார்கள்? யார் கற்றுக்கொடுத்தார்கள்?
– வாசகர் ஒருவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: மலரில் வந்த செய்தி சரியானதே. இயேசு சபையார் தங்கள் நிர்வாகத்தை நம் இன்றைய மாநில எல்லைகளைப் பார்த்து வகுத்துக்கொள்ளவில்லை. ‘மலபார் மாநிலம்’ என்ற அவர்களுடைய நிர்வாகப் பிரிவுக்குள் கொச்சியும் அடங்கும், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையான முத்துக்குளித்துறையும் அடங்கும், தமிழகத்தின் உட்பகுதியில் பணியாற்றிய மதுரை மிஷனும் அடங்கும். ஆகவே மதுரை மிஷனுக்கு அனுப்பப்படும் இளைஞர் முதலில் மலையாளக் கரையில் உள்ள சபை இல்லத்துக்கு வந்து சேர்வதே நடைமுறையாக இருந்தது. 1663இல் டச்சுக்காரர்கள் கொச்சியைக் கைப்பற்றியபோது கடற்கரைக் கல்லூரிகளை இயேசு சபையார் இழந்தனர். அதன்பின் உள்நாட்டில் அவர்களுக்கு நிலையான இடமாக அமைந்தது சாலக்குடிக்கும் மாளாவுக்கும் அருகிலுள்ள அம்பலக்காடு. சுற்றுவட்டாரத்தின் மொழி மலையாளம்தான். ஆனால் அந்த இல்லத்துக்குள் தமிழும் சிரியாக்கும் வடமொழியும் போர்த்துக்கீசும் புழங்கின. மலையைக் கடந்து தமிழகத்துக்குள் போய்வந்த துறவிகள் இருந்ததால், மொழியை மட்டுமல்லாமல் நாட்டின் நடைமுறையையும் புதியவர்களுக்குச் சொல்லித்தர அங்கு ஆள் இருந்தது.

அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் டி பிரிட்டோ 1647இல் லிஸ்பனில் பிறந்து, 1673இல் கோவாவை அடைந்து, அம்பலக்காட்டில் தங்கிய பின் 1674இல் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து தமிழ் மண்ணில் கால்வைத்தார். அவரையும் அவருடன் வந்த மற்ற இளைஞர்களையும் அழைத்து வரப் போர்த்துக்கல் சென்றிருந்தவர் பல்தசார் டா கோஸ்டா. சைவப் பண்டாரங்களைப் போல் உடுத்தி எளிய சாதி மக்களிடையே, பண்டாரச் சாமிகளாகப் பணியாற்றும் முறையைத் தொடங்கிவைத்தவர் அவர். தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதியவர். இந்தியா திரும்பும் அந்தப் பயணத்திலேயே, கப்பல் கோவாவைத் தொடும் முன்பே, கடலில் அவர் உயிர் பிரிந்தது. வழிகாட்டி வந்து சேராமல், அவர் எழுதிய நூல் மட்டும் கையெழுத்துப் படியாகப் பின்வந்தவர்களுக்குப் பயன்பட்டது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இனி, எப்படிப் படித்தார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். அச்சிட்ட பாடப்புத்தகம் என்று எதுவும் கையில் இல்லாத காலம் அது. இயேசு சபைத் துறவி அன்ரிக்கே அன்ரிக்கஸ் முத்துக்குளித்துறையில் இருந்தபடி 1549 அளவில் எழுதிய இலக்கணமும் ஏடாகவே இருந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்ட ஞானோபதேசம், அதாவது மறைக்கல்விச் சுவடி. அம்பலக்காட்டில் 1679இல் அந்தாம் டி புரோயென்சாவின் தமிழ் – போர்த்துக்கீச அகராதி அச்சேறியதுதான் பெரிய மாற்றம். அதைத் தொகுத்தவர் 1666இலேயே மறைந்துவிட்டார். அவர் உழைப்பு பதின்மூன்று ஆண்டுகள் கழித்து நூலாயிற்று. அதற்கான தமிழ் எழுத்துகளை மரத்தில் செதுக்கியவர் இக்னாசியுஸ் அய்ச்சமோனி என்ற உள்ளூர்க்காரர் என்று பழைய குறிப்புகள் கூறுகின்றன. வத்திக்கான் நூலகத்தில் இருந்த ஒரு படியைக் கண்டெடுத்த தனிநாயகம் அடிகள் 1966இல் கோலாலம்பூரிலிருந்து அதை மறுபதிப்பாக வெளியிட்டதால்தான் நாம் இன்று அதைப் பார்க்க முடிகிறது.

அகராதி கையில் இருந்தாலும் ஓலையை வாசிப்பது வேறு வேலை. அந்நாளைய ஓலைச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும், ஒகரமும் ஓகாரமும் அப்படியே. துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. சொற்களுக்கிடையே இடமும் விடப்படவில்லை. சொல்லை ஏற்கெனவே அறிந்தவருக்கு இது தடையே அல்ல, கண் பட்டதும் வாய் சரியாக உச்சரித்துவிடும். தாய்மொழியாகத் தமிழைப் பேசாத இருபத்தைந்து, முப்பது வயது இளைஞருக்கோ ஒவ்வொரு வரியும் பல விதமாகப் படிக்க இடம் தரும். ஆதலால் ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்து வாய்விட்டு வாசிக்க, மாணவர் கேட்டுத் திருப்பிச் சொல்லும் நம் திண்ணைப் பள்ளி முறையைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இந்த இடர்ப்பாட்டைத் தாமே பட்டு உணர்ந்ததால்தான் வீரமாமுனிவர் பிற்காலத்தில் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவத்தால் பிரித்துக் காட்டினார் என்பது என் கருத்து.

இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர் 1710இல் கோவாவில் இறங்கி, அம்பலக்காடு வழியாக 1711இல் மதுரை மிஷனுக்கு வந்தார். ‘வந்த சில மாதங்களிலேயே தமிழை வென்றார்’ என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அது அவருடைய உழைப்பைக் குறைத்துப் பேசுவதாகும். தேம்பாவணி நிறைவுற்றது 1726இல். பாவசங்கீர்த்தனம் கேட்கவும் வழி கேட்கவும் போதுமான பேச்சுத் தமிழுக்கும், விருத்தத்தில் காப்பியம் பாடும் தமிழுக்கும் நடுவே பதினைந்து ஆண்டுகள் இருக்கின்றன. இந்த இரண்டு தமிழுக்கும் உள்ள தூரத்தை அவரே நன்றாக அறிந்திருந்தார். புதிதாக வரும் துறவிகளுக்கென்று 1728இல் கொடுந்தமிழ், அதாவது பேச்சுத் தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். செந்தமிழுக்குத் தனி இலக்கணம் செய்தார். நாம் சிறுவயதில் சிரித்துப் படித்த பரமார்த்த குரு கதையும் பேச்சுநடைத் தமிழைப் பயில்வோருக்கு வாசிப்புப் பாடமாக அமைந்ததே. அந்தக் கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டவர்கள், சமயக் கொள்கையில் அவரோடு ஓயாமல் வாதிட்ட தரங்கம்பாடி லுத்தரன்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மதுரை மிஷனைத் தொடங்கிய ராபர்ட் டி நொபிலிக்கு வடமொழி கற்பித்த சிவதருமர், தரங்கம்பாடியில் லுத்தரன் ஊழியர் சீகன்பால்குவுக்கு உதவிய அழகப்பன், கேரளத்தில் பணியாற்றிய ஜெர்மானிய இயேசு சபைத் துறவி அர்ணோஸ் பாதிரியாருக்கு வடமொழி சொல்லிக்கொடுத்த அங்கமாலி நம்பூதிரிகள் குஞ்சன், கிருஷ்ணன் என்று சில பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. வீரமாமுனிவருக்குச் சுப்பிரதீபக் கவிராயர் ஆசிரியராக இருந்தார் என்பது வழிவழி வந்த செய்தி. இவர்களுக்கு அப்பால், இரு மொழியும் தெரிந்த உபதேசியார்களும், மலைப்பாதையில் உடன் நடந்தவர்களும், இல்லத்தில் வேலை செய்தவர்களும் நாள்முழுதும் பேசிப் பேசியே அந்த இளைஞர்களைத் திருத்தினார்கள். எல்லையோர மக்களுக்கு இரு மொழி என்பது வீட்டுப் பழக்கம். கொழிஞ்சாம்பாறையில் வாழும் உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்த விழா மலரில் துறவிகளின் படத்தோடு, பெயர் தெரிந்த இந்த ஆசிரியர்களையும் எழுதும்படி உங்கள் பங்கினரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மலையாள அகராதி தந்த ஹெர்மன் குண்டர்ட் எங்கள் சித்தூரில் வாழ்ந்தார் என்கிறார்களே, உண்மையா? அவர் இங்கே என்ன மொழி படித்தார்?
– வாசகி ஒருவர், சித்தூர், ஆந்திரம்

பதில்: உண்மைதான் அம்மா. 1814இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்த குண்டர்ட், அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கில மிஷனரியின் குழுவோடு 1836இல் சென்னையில் வந்திறங்கினார். அவர் முதலில் ஊன்றிப் படித்த தென்னிந்திய மொழி தமிழ். திருநெல்வேலியில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் இருந்த காலமும் அதற்கு உதவியது. பிறகு குரோவ்ஸ் குழுவினருடன் சித்தூரில் பணியாற்றினார். அந்நாளில் உங்கள் ஊர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைமையிடம். தமிழும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் கேட்கும் ஊர். 1838இல் யூலி துபுவாவை அங்கேயே மணந்துகொண்டு மங்களூர் சென்று சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பாசல் மிஷனில் சேர்ந்தார். 1839இல் தலச்சேரி இல்லிக்குன்றில் குடியேறிய பிறகுதான் மலையாளம் அவருடைய வாழ்நாள் வேலையாயிற்று. சொக்ளியைச் சேர்ந்த ஊராச்சேரி குருநாதன்மார் அவருக்கு மலையாளம் கற்பித்தவர்கள் என்று வடகேரளத்தில் இன்றும் மதிப்போடு சொல்வார்கள். 1872இல் வெளிவந்த அவருடைய அகராதியைப் புரட்டினால், சொல்லுக்குச் சொல் இணையான தமிழ் வடிவங்களைக் காட்டிச் செல்வதைக் காணலாம். தமிழைக் கற்றபின் மலையாளத்துக்கு வந்தவர் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கேள்வி: ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்கு வந்தபோது மலையாளம் படிக்காமல் தமிழ் மட்டும் படித்தது ஏன்?
– வாசகர் ஒருவர், பாறசாலை

பதில்: லண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியரான அவருடைய பணி நடந்தது தென்திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில். அங்கு மக்களின் மொழி தமிழ். 1804 இறுதியில் தரங்கம்பாடி வந்து தமிழ் பயின்ற அவர், 1806இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். மயிலாடியில் அவருக்கு முன்பே கிறிஸ்தவராகியிருந்த வேதமாணிக்கம் துணைநிற்க, 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது. 1816இல் உடல்நலம் குன்றி ஊரைவிட்டுப் புறப்படும் வரை அவருக்குக் கைகொடுத்தது தரங்கம்பாடியில் கற்ற அந்தத் தமிழே.