வாசலில் தொங்கும் பதாதை சொல்லாத கணக்கு

கேள்வி: மகன் தை மாதம் ஆறாம் தரத்துக்குப் போகிறான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்திருக்கிறான். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பாடசாலை வாசலில், சாதாரண தரப் பரீட்சையில் 9ஏ (ஒன்பது பாடத்திலும் 'ஏ') எடுத்த பிள்ளைகளின் படங்களோடு பதாதை தொங்குகிறது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு படம்கூட இல்லை. மாற்றுவதா?
— ஒரு தாய், கல்லடி

பதில்: அம்மா, பதாதையில் எத்தனை படம் என்று எண்ணிவிட்டு, அந்த வருடம் எத்தனை பேர் பரீட்சைக்குத் தோற்றினார்கள் என்று கேளுங்கள். 20 படம் என்பது 40 பேரில் 20 ஆகவும் இருக்கலாம், 200 பேரில் 20 ஆகவும் இருக்கலாம். ஆறாம் தரத்திலேயே வெட்டுப்புள்ளி பார்த்துப் பிள்ளைகளை எடுக்கும் பாடசாலைக்கு 9ஏ வருவதில் அதிசயம் இல்லை. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, தாய் மத்திய கிழக்கில் இருக்க அம்மம்மாவோடு வளரும் பிள்ளை என்று வந்தவர் எல்லோரையும் சேர்த்த பள்ளியை அதோடு அப்படியே ஒப்பிடுவது அநியாயம்.

பார்க்க வேண்டியது சாதாரண தரம் எழுதி உயர்தரத்துக்கு (12, 13ஆம் தரம்) தகுதி பெற்றவர் தொகை. அதற்குத் தாய்மொழி, கணிதம் உட்பட 6 பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றில் 3 பாடங்களாவது 'சி' (திறமைச் சித்தி) அல்லது அதற்கு மேல். அந்தத் தொகையையும் தோற்றியவர்களால் மட்டும் வகுக்காதீர்கள். உதாரணமாக, ஆறாம் தரத்தில் 60 பேர், சாதாரண தரத்துக்குத் தோற்றியது 40, தகுதி பெற்றது 30 என்று வையுங்கள். பள்ளி 75 வீதம் என்று சொல்லும். 8 பேர் விடுகைப் பத்திரம் எடுத்து வேறு பள்ளிக்குப் போயிருந்தால், 30ஐ 52ஆல் வகுத்தால் 58 வீதம். மிச்சம் 12 பிள்ளைகள் எங்கே என்பதுதான் அதிபரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

சின்னப் பள்ளியில் ஒரு வருடக் கணக்கை நம்ப வேண்டாம். 20 பேர் தோற்றும் இடத்தில் ஒரு பிள்ளை என்பது 5 வீதம். மூன்று வருடத்தைக் கூட்டிப் பாருங்கள்.

கணிதத்தில் எத்தனை 'டபிள்யூ' (சித்தியில்லை) என்று தனியாகக் கேளுங்கள். மற்றப் பாடமெல்லாம் நன்றாக இருந்தும் பிள்ளை தகுதி இழப்பது பெரும்பாலும் அங்கேதான். கணித ஆசிரியர் நிரந்தரமா, வருட நடுவில் இடமாற்றம் போனாரா என்பதையும் விசாரியுங்கள். வாவிக்கு மேற்கே வயல் சூழ்ந்த படுவான்கரைப் பள்ளியென்றால் பெரும்போக அறுவடைக் காலத்து வரவு இடாப்பையும் பார்க்கச் சொல்லுவேன்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இவற்றைக் கேட்கலாம். பதில் இல்லையென்றால், மாகாணப் பாடசாலைக்கு வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பெயர் கேட்காதீர்கள், தொகை போதும்.

கேள்வி: மகளுக்கு விஞ்ஞானப் பிரிவில் விருப்பம். இப்போது படிப்பது 1சி பாடசாலை. பிரச்சினையா?
— ஒரு தந்தை, களுவாஞ்சிக்குடி

பதில்: பதினோராம் தரம் வரை பிரச்சினை இல்லை. உயர்தரத்தில் 1சியில் கலை, வர்த்தகம்தான். விஞ்ஞானமும் கணிதமும் 1ஏபி பாடசாலைகளில். பெறுபேறு வந்த கையோடு விண்ணப்பியுங்கள்.