டொரன்டோ பாக்ஸ் லக்ராஸ் பழக்கம், பால்டிமோர் கோச்: பையன் மேல தப்பில்ல

சகோ, டொரன்டோல பாக்ஸ் லக்ராஸ் (வலை கட்டின குச்சியால பந்தப் பிடிச்சு எறியுற லக்ராஸ் ஆட்டத்தோட உள்ளரங்கு வகை) ஆடி வளர்ந்த பையன பால்டிமோர் கோச் "இடது கையே வரல"ன்னு பெஞ்ச்ல உக்கார வெக்கிறார்னு எழுதியிருந்தீங்க, அது அவன் குறை இல்ல, ஊர் ஸ்டைல். அங்க ஐஸ் ஹாக்கி ரிங்க்குள்ள கோலியோட (கோல் கீப்பரோட) சேத்து டீமுக்கு ஆறே பேர், கோல் சின்னது, 30 செகண்டுக்குள்ள ஷாட் அடிச்சாகணும், அதனால வலக்கைக்காரன் ஒரு சைடு இடக்கைக்காரன் மறு சைடுன்னு நின்னு, பிடிச்ச பிடிய மாத்தாமலே அடிக்கிற மாதிரி பாவ்லா காட்டுற ஃபேக் மேல ஃபேக் போட்டு கோலிய ஏமாத்துறதுதான் வித்தையே. பால்டிமோர் இருக்கிற மேரிலாண்ட்ல பெரிய மைதானம், டீமுக்கு பத்து பேர், டிஃபெண்டர் ஆறடி குச்சியோட வந்து நிப்பான், கை மாத்தலைன்னா பந்தத் தட்டி விட்டுருவான்.

தினம் செவுத்துல இடது கையால அடிச்சுப் பிடிக்கச் சொல்லுங்க, பாஸ், கேட்ச் வந்தா இப்போதைக்குப் போதும். ஆனா கோல் கிட்ட ஏமாத்தி அடிக்கிற அந்த பாக்ஸ் ஃபினிஷிங்க மட்டும் விட்ராதீங்க! கனடால பாக்ஸ் ஆடி அமெரிக்காவோட சிரக்யூஸ் யுனிவர்சிட்டி டீமுக்கு வந்த கேரி கெய்ட், 1988ல கோலுக்குப் பின்னாடியிருந்து எகிறி கோலோட மேல் கம்பிக்கு மேலாவே பந்த உள்ள திணிச்சாரு, அமெரிக்காக்காரங்க வாயப் பொளந்துட்டாங்க. கோல் கிட்ட கூட்டத்துல அவன ஒரு தடவை நிக்க வெச்சுப் பாக்கச் சொல்லி கோச்கிட்ட கேளுங்க.