போலந்தும் லித்துவேனியாவும்: ஒரு ராஜா, இரண்டு கஜானா

கேள்வி: போலந்து லித்துவேனியாவைப் பிடித்துக்கொண்டதா, இரண்டும் விரும்பிச் சேர்ந்தனவா?

பதில்: தொடக்கம் ஒரு கல்யாணம். 1384இல் போலந்தின் அன்றைய தலைநகர் கிராக்கோவில் முடிசூடியபோது யாத்விகாவுக்குப் பத்துப் பதினோரு வயதுதான். ராணி என்றல்ல, 'ராஜா' என்றே பட்டம் கட்டினார்கள். மாப்பிள்ளை லித்துவேனியாவை ஆண்ட யோகைலா. அதுவரை கிறிஸ்தவர் இல்லை. ஞானஸ்நானம் பெறுகிறேன், என் நிலங்களைப் போலந்து மகுடத்தோடு சேர்க்கிறேன் என்று 1385இல் கிரேவா கோட்டையில் எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்திரத்தில் 'சேர்ப்பது' என்பதற்கு 'அப்ளிகாரே' என்று ஒரு லத்தீன் சொல். அதற்கு அர்த்தம் இணைப்பா, விழுங்குவதா என்று வரலாற்றாசிரியர்கள் மல்லுக்கட்டியது கொஞ்சநஞ்சமல்ல.

கேள்வி: சேர்ந்ததால் என்ன லாபம், சார்?

பதில்: இருவருக்கும் தலைவலியாக இருந்த டியூடானிக் வீரர்களை, அதாவது ஜெர்மானியக் கிறிஸ்தவப் போர்த்துறவிகளை, 1410இல் கிருன்வால்டில் சேர்ந்தே முறியடித்தார்கள்.

கேள்வி: அப்புறம் 1569இல் போலந்தின் லூப்லின் நகரில் இன்னொரு ஒப்பந்தம் எதற்கு?

பதில்: அதுவரை இரண்டையும் கட்டி வைத்திருந்தது ஒரு ராஜ குடும்பம். அப்போது இரண்டையும் ஆண்ட ராஜா சிகிஸ்முண்ட் அகஸ்டஸுக்கு வாரிசு இல்லை. மாஸ்கோவை ஆண்ட ஜார் இவான் வேறு 1563இல் லித்துவேனியாவின் போலோத்ஸ்க் நகரைப் பிடித்துவிட்டார். லூப்லின் பேச்சில் நிபந்தனை பிடிக்காமல் லித்துவேனியப் பிரபுக்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். ராஜா என்ன செய்தார் தெரியுமா? வொல்ஹீனியா, கீவ் போன்ற அவர்களின் தென்பகுதிகளைப் போலந்துக்கே மாற்றி எழுதிவிட்டார். வேறு வழியில்லாமல் திரும்பி வந்து ஜூலை 1 அன்று உடன்பட்டார்கள். இதை விருப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அப்படியானால் லித்துவேனியா அதோடு கரைந்துவிட்டதா?

பதில்: அதுதான் இல்லை. தேர்ந்தெடுத்த ராஜாவும் நாடாளுமன்றமும் பொது. படை, கஜானா, அமைச்சர்கள், சட்டம் எல்லாம் தனித்தனி. நம் ஊரில் சொல்வதுபோல, வீடு ஒன்று, அடுப்பு இரண்டு. 1588இல் ரூத்தேனிய மொழியில் (இன்றைய பெலாரஸ், உக்ரைன் மொழிகளின் மூதாதை) வந்த லித்துவேனியச் சட்டத்தொகுப்பு, வெளியார் அங்கே நிலம் வாங்குவதைத் தடுத்தது. அந்த வெளியாரில் போலந்துக்காரரும் அடக்கம்! 1795இல் அண்டை அரசுகள் கடைசித் துண்டையும் பங்கிடும் வரை இந்த ஏற்பாடு ஓடியது.

கேள்வி: முதல் உலகப் போருக்குப் பின் இரண்டுக்கும் மறுபடி விடுதலை கிடைத்ததும் ஏன் சேரவில்லை?

பதில்: லித்துவேனியாவின் பழைய தலைநகரான வில்னியஸ் யாருக்கு என்பதில் முறிந்தது. 1920இல் போலந்துப் படை அதைப் பிடித்தது. 1938 வரை இரு நாட்டுக்கும் தூதரக உறவே கிடையாது. இத்தனைக்கும் போலந்தின் தேசியக் காவியமான 'பான் ததேயுஷ்' போலிஷ் மொழியில் தொடங்குவதே 'லித்துவேனியா! என் தாய்நாடே!' என்றுதான்.