டெர்ரியின் ஊர்சுற்றி பிஷப்

கேள்வி: பிரிஸ்டல் பிரபு பிரெடரிக் ஹார்வி, அயர்லாந்தின் டெர்ரியில் ஆங்கிலிக்கன் (அன்று அரசு அந்தஸ்து பெற்றிருந்த புராட்டஸ்டன்ட் சபை) பிஷப்பாக இருந்துகொண்டே, கத்தோலிக்கர்கள் பூசை வைக்கத் தன் கட்டடத்திலேயே இடம் கொடுத்தவர். அப்படிப்பட்டவரைப் போன இதழில் 'ஊர்சுற்றி பிஷப்' என்று எழுதியது நியாயமா?

பதில்: நியாயம்தான். 1791இல் அயர்லாந்தை விட்டுக் கிளம்பியவர், 1803இல் இத்தாலியில் சாகும்வரை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு காலமும் டெர்ரிக்கு பிஷப் அவர்தான், பதவியின் வருமானமும் அவருக்குத்தான்.

வந்த வழியையும் பாருங்கள். அண்ணன் ஜார்ஜ் 1766இல் அயர்லாந்தின் வைஸ்ராய் ஆகிறார் (அந்த மண்ணை மிதிக்காமலே பதவியை விட்டவர் அவர்), 1767இல் தம்பி பிரெடரிக் அயர்லாந்தின் க்ளாய்னுக்கு பிஷப், அடுத்த வருஷமே அதைவிட வளமான டெர்ரி. 1779க்குள் மூத்தவர்கள் இருவரும் முறையான வாரிசு இல்லாமல் இறந்துவிட, பிரபு பட்டமும் இங்கிலாந்தின் சஃபோக் நிலங்களும் இவர் கைக்கு வந்தன.

நல்லதையும் சொல்கிறேன், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. 1783இல் டப்ளினில் தொண்டர்படை (அயர்லாந்துக்காரர்கள் தாங்களே திரட்டிய ஆயுதப் படை) மாநாட்டில் கத்தோலிக்கருக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று வாதாடினார், தோற்றார். ஓர் ஆங்கிலிக்கன் பிஷப் அன்றைக்கு அப்படிப் பேச நிஜமாகவே துணிச்சல் வேண்டும். நீங்கள் சொல்லும் கட்டடம் டவுன்ஹில்லில் கடலைப் பார்த்த செங்குத்துப் பாறை விளிம்பில் நிற்கும் மஸ்ஸெண்டன் கோயில். பெயர்தான் கோயில், 1785இல் அவர் கட்டியது தன் புத்தகங்களுக்கான வட்ட வடிவ நூலகம். பக்கத்தில் கத்தோலிக்கருக்குத் தேவாலயம் இல்லாததால் அதன் கீழறையில் பூசை நடத்த அனுமதித்தார். அவர் இறந்தபின் டெர்ரி மக்கள் பணம் போட்டு சஃபோக்கில் அவர் குடும்பச் சொத்தான இக்வொர்த்தில் நினைவுத் தூண் எழுப்பினார்கள், கத்தோலிக்க பிஷப்பும் பிரெஸ்பிட்டேரியன் (வேறொரு புராட்டஸ்டன்ட் பிரிவு) போதகரும் அதில் பங்கு கொடுத்திருக்கிறார்கள்.

சரி, அந்தக் கீழறையில் மண்டியிட்டவர்களின் நிலை என்ன? தங்களுடையது அல்லாத சபையின் குருமாருக்குத் தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) கட்டவேண்டியவர்கள் அவர்கள். பிஷப்புக்கோ சபை நிலங்களின் குத்தகைப் பணமும், குத்தகையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஒரு தொகையும் வந்தது. அப்படி அயர்லாந்து நிலத்திலிருந்து வந்த பணத்தோடு, சஃபோக் பணமும் சேர்ந்து, ரோமில் சிலையாகவும் ஓவியமாகவும் மாறியது. 1798இல் பிரெஞ்சுப் படை அவற்றைப் பறிமுதல் செய்தது, அவரையும் மிலானில் சிறை வைத்தது. அந்தக் கலைப்பொருள்களை வைப்பதற்காக 1795இல் இக்வொர்த்தில் தொடங்கிய பிரம்மாண்ட மாளிகை, அவர் சாகும்போது அரைகுறையாக நின்றது.

அவர் மனசு விசாலமானது என்பதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. ஆனால் கத்தோலிக்கருக்குக் கிடைத்தது ஒரு பிரபுவின் தயவு, சட்டம் கொடுத்த உரிமை அல்ல. அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் சபைக்கு இருந்த அரசு அந்தஸ்து விலக 1871 வரை காத்திருக்கவேண்டி வந்தது. பெரிய மனுஷரின் நல்ல குணத்தை மட்டும் எழுதிவிட்டு, அவர் செலவழித்த பணம் யாருடையது என்பதை விட்டுவிட என்னால் முடியாது. 'ஊர்சுற்றி' அப்படியே இருக்கட்டும்.