உள் அலாஸ்காவின் கோடையும் காட்டுத்தீயும்: கேள்வி பதில்

ஃபேர்பேங்க்ஸைச் சுற்றிய டானானா, யூக்கான் ஆற்றுப் பகுதிகளின் கோடை வானிலை, தீ நிலவரம் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அமெரிக்க வானிலைத் துறையின் பருவக் கணிப்பு வரைபடத்தில் உள் அலாஸ்காவுக்கு "இயல்பைவிட அதிக வெப்பம், 40 சதவீதம்" என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் இந்த வருடம் தீ அதிகமா சார்?

அந்த 40-ஐ முதலில் சரியாகப் படிக்க வேண்டும். 1991 முதல் 2020 வரையான கோடைகளை வெப்பம், நடுத்தரம், குளிர்ச்சி என்று மூன்று சம பங்காகப் பிரிக்கிறார்கள். எந்தத் தகவலும் இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீத வாய்ப்பு. 40 என்றால் தராசு லேசாகச் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எத்தனை டிகிரி கூடும் என்பதை அந்த எண் சொல்லாது.

தீயைத் தீர்மானிப்பது மூன்று மாதச் சராசரி அல்ல, நிகழ்ச்சிகளின் வரிசை. ஜூனில் பத்துப் பதினைந்து நாள் மழையில்லாமல் காட்டுத் தரையை மூடிய பாசி காய்ந்து, அதன் மேல் மின்னல் விழுந்து, ஜூலை மழையும் தாமதித்தால் தீ பெருகும். 2015-இல் ஜூன் பிற்பாதி மின்னல் ஒரே வாரத்தில் ஏராளமான தீயை மூட்டியது. ஜூலை நடுவில் மழை வந்து வேகத்தைக் குறைத்தது. அப்படியும் ஆண்டு முடிவில் சுமார் 51 லட்சம் ஏக்கர். 2004-இல் ஆகஸ்ட் மழை பொய்த்தது. சுமார் 66 லட்சம் ஏக்கர் போயிற்று, இன்றுவரை அதுதான் அலாஸ்காவின் உச்சம். ஏப்ரலில் வரும் எந்த வரைபடமும் இந்த வித்தியாசத்தைக் காட்டாது. அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

கேள்வி: குளிர்காலத்தில் பனி நன்றாகப் பெய்ததே, காடு ஈரமாக இருக்காதா?

மே மாதத்துக்கு மட்டும் உதவும். பனி உருகிய சில நாளிலேயே பழைய புல்லும் சருகும் காய்ந்துவிடும். உள் அலாஸ்கா வறண்ட நிலம். பனியிலுள்ள நீரின் அளவே குறைவு. தீப் பருவம் தொடங்குவதைப் பனி தள்ளிப்போடும். ஜூன் நடுவுக்குப் பிறகு அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கேள்வி: தீ அபாயக் குறியீடுகளில் எஃப்.எஃப்.எம்.சி., டி.எம்.சி., டி.சி. என்று வரிசையாக எண்கள் தருகிறார்கள். எதைப் பார்ப்பது?

இது கனடாவில் உருவான முறை. அலாஸ்காவும் இதையே பயன்படுத்துகிறது. மூன்று எண்ணும் தரையின் மூன்று ஆழங்கள் எவ்வளவு காய்ந்திருக்கின்றன என்று சொல்பவை; எண் கூடினால் காய்ச்சல் கூடியிருக்கிறது. எஃப்.எஃப்.எம்.சி. என்பது மேலே கிடக்கும் ஓரிரு சென்டிமீட்டர் சருகும் உயிர்ப்பாசியும். ஒரு நாளுக்குள் காயும், ஒரு நாளுக்குள் நனையும். டி.எம்.சி. சுமார் 7 செ.மீ. வரையுள்ள தளர்ந்த மக்கு, அதாவது மட்கிய இலைதழை. அது காய ஏறத்தாழ இரண்டு வாரம். டி.சி. இன்னும் கீழே, இறுகிய மக்கு. 50 நாளுக்கு மேல் பிடிக்கும். பின்னிரண்டையும் சேர்த்துச் செய்த எண் பி.யு.ஐ.

ஒரு எண்தான் பார்க்க நேரம் என்றால் ஜூன், ஜூலையில் பி.யு.ஐ. பாருங்கள். அது 80-ஐத் தாண்டிய நிலையில் மின்னல் வந்தால் தீ தரைக்குள் இறங்கிவிடும்; தண்ணீர் தெளித்து மாளாது. மே மாதத்தில் பி.யு.ஐ. வேண்டாம், எஃப்.எஃப்.எம்.சி.யும் காற்றும் போதும். அப்போது எரிவது புல்.

மழையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 24 மணி நேரத்தில் 0.5 மி.மீ. தாண்டினாலே எஃப்.எஃப்.எம்.சி. இறங்கும். டி.எம்.சி.க்கு 1.5 மி.மீ., டி.சி.க்கு 2.8 மி.மீ. தாண்ட வேண்டும். தாண்டினாலும் முழு மழையும் கணக்கில் வராது: 5 மி.மீ. பெய்தால் டி.எம்.சி. சூத்திரம் சுமார் 3.3 மி.மீ. மட்டுமே எடுத்துக்கொள்ளும், டி.சி. 2.9. ஆகவே மாலையில் ஒரு தூறல் போட்டதும் "தீ அபாயம் போச்சு" என்று சொல்வது பாதி உண்மை. மேல்தோல் நனைந்திருக்கும், மறுநாள் மதியம் அதுவும் காய்ந்துவிடும்.

எண் தவறுவது மூன்று காரணங்களால். கோடை இடிமழை திட்டுத் திட்டாகப் பெய்யும்; வானிலை நிலையத்தில் துளி விழாமல் பக்கத்து மலையில் கொட்டியிருக்கலாம், மாறியும் நடக்கலாம். அடுத்தது நேரம். இந்தக் கணக்குக்கு உச்சிவேளை அளவு வேண்டும். ஃபேர்பேங்க்ஸில் கோடைக் கடிகாரப்படி சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் இரண்டுக்குச் சற்று முன்புதான். கடிகாரத்தின் 12 மணி அளவைப் போட்டால் எண் குறைவாக வரும். மூன்றாவது நிலத்தடி உறைபனி. டி.சி. கணக்குக்கு அது தெரியாது. வடக்குச் சரிவில் ஒரு சாண் கீழே பனிக்கட்டி இருந்தால் ஆழ்மக்கு ஈரமாகவே இருக்கும். தெற்குச் சரிவில் அதே எண் நிஜமாகவே காய்ந்த மண்ணைக் குறிக்கும்.

கேள்வி: எந்த வானிலை வந்தால் கவலைப்பட வேண்டும்?

காற்றின் உயரழுத்தம் ஒரு வாரம் தலைக்கு மேல் உட்கார்ந்து, பிறகு உடையும் நாள். உட்கார்ந்திருக்கும்போது வெயிலும், இரவில்லாத நீண்ட பகலும் பாசியைக் காய வைக்கும். உடையும்போது மழை குறைந்த இடியும், திசை மாறும் பலத்த காற்றும் சேர்ந்து வரும். மூட்டுவதும் விசிறுவதும் ஒரே நாளில். வெப்பநிலை 30-ஐத் தொட்டதா என்பதைவிட இந்த உடைப்பு என்றைக்கு என்று பாருங்கள்.

ஆகஸ்டில் கதை வேறு. இரவு நீளும், விடியற்காலையில் பனித்துளி இறங்கும், தீ தினமும் சில மணி நேரம்தான் ஓடும். ஆனால் மழை பொய்த்த வருடத்தில் காற்று ஒன்றே போதும். தெற்கே கீனாய் தீபகற்பத்தில் 2019 ஜூன் 5 மின்னலில் தொடங்கிய ஸ்வான் லேக் தீ அடங்கி வந்ததுபோல் இருந்து, ஆகஸ்ட் 17 காற்றில் மீண்டும் பாய்ந்தது. மொத்தம் சுமார் 1,67,000 ஏக்கர்.

கேள்வி: பல தீயை அணைக்காமல் வேடிக்கை பார்க்கிறார்களே, ஏன்?

அலாஸ்கா நிலம் முழுவதும் முன்கூட்டியே நான்கு வகையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது: கிரிட்டிகல், ஃபுல், மாடிஃபைடு, லிமிடெட். ஊர், வீடு உள்ள இடம் முதல் வகை, உடனே ஆள் போகும். ஃபுல்லிலும் அணைக்கப் போவார்கள், ஆனால் முதல் வகைக்கு அடுத்தபடியாக. லிமிடெட்டில் கண்காணிப்பு மட்டும். அங்கே தனிக் குடிசை இருந்தால் அதைச் சுற்றி மட்டும் பாதுகாப்பார்கள். மாடிஃபைடு பருவத் தொடக்கத்தில் ஃபுல் போல நடத்தப்படும், வழக்கமாக ஜூலை 10-ஐ ஒட்டி லிமிடெட் போல மாற்றுவார்கள். வருடத்தைப் பொறுத்து அந்தத் தேதி நகரும். பிளாக் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடு எரிந்து முளைக்கும் காடுதான். அதன் காய்கள் சூட்டில் விரிந்து விதை கொட்டும். எல்லாவற்றையும் அணைக்க ஆளும் இல்லை, அணைத்தால் நன்மையும் இல்லை.

கேள்வி: வீட்டைச் சுற்றி ஸ்ப்ரூஸ் மரங்கள். எங்கே தொடங்குவது?

சுவரிலிருந்து. முதல் 5 அடியில் எரியக்கூடியது எதுவும் கூடாது: சருகு, பாசி, மரத்தூள், விறகு எல்லாம் போகட்டும், சரளைக்கல் போடுங்கள். கூரைக் கால்வாயில் சேர்ந்த ஊசியிலையைக் கையால் வாருங்கள். வீடுகளை அழிப்பது பெரும்பாலும் பறந்து வரும் தீப்பொறி. அது தேடுவது இதைத்தான். பிறகு 30 அடி வரை ஸ்ப்ரூஸை விலக்குங்கள், கிளைநுனிக்குக் கிளைநுனி 10 முதல் 15 அடி. நிற்பவற்றின் கீழ்க்கிளைகளை 6 அடிக்குக் குறையாமல் வெட்டுங்கள். தரையைத் தொடும் அந்தக் கிளைகள்தான் தீக்கு ஏணி. பிர்ச், ஆஸ்பென் மரங்களை வெட்டாதீர்கள். இலை விட்டபின் அவை தீயை மட்டுப்படுத்தும். கோடையில் விறகடுக்கு 30 அடிக்கு அப்பால் இருக்கட்டும்.

கேள்வி: வெட்டிய கிளைகளைக் குவித்து எரிக்கலாமா?

ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு இருந்தாலும் அன்றன்று எரிக்க அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும். குவியலைச் சுற்றிப் பாசியை முழுக்கச் சுரண்டி, கனிம மண் தெரிய 10 அடி விடுங்கள். இந்த ஊரில் தவறு நடப்பது இங்கேதான்: பாசியின் மேலேயே கொளுத்துகிறார்கள், மேலே அணைத்துவிட்டுப் போகிறார்கள், நெருப்பு அடியில் வேரோடு நகர்ந்து நாலு நாள் கழித்து வேலிப்பக்கம் எழுகிறது. தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடு இருந்தால் முடியவில்லை. அடுத்த சில நாளும் போய்ப் பாருங்கள்.

கேள்வி: ஜூலையில் டெனாலி பார்க்கப் போகிறோம். குழந்தைக்கு ஆஸ்துமா.

புகையை மாதக்கணக்கில் யாரும் கணிக்க முடியாது, இரண்டு நாள் முன்னறிவிப்புதான் நம்பத்தக்கது. ரத்து செய்யக்கூடிய முன்பதிவாகப் போடுங்கள். பள்ளத்தாக்கில் இரவில் குளிர்காற்று தங்கி, காலையில் புகை அடர்ந்திருக்கும். பிற்பகலில் பெரும்பாலும் கொஞ்சம் கலையும். என்-95 முகக்கவசம் குழந்தை முகத்துக்குப் பொருந்தாது. அறையில் 20 அங்குலப் பெட்டி விசிறிக்குப் பின்னால் மெர்வ்-13 (நுண்துகளைப் பிடிக்கும் தரம்) வடிகட்டியைக் காற்றோட்ட அம்புக்குறி பார்த்து ஒட்டி, சன்னல் சாத்தி ஓட்டுங்கள். மருத்துவரின் யோசனையும் இன்ஹேலரும் கையோடு இருக்கட்டும்.

கேள்வி: குளிர்காலத்தில் பனிக்கடியிலும் தீ பிழைத்திருக்கும் என்பது உண்மையா?

உண்மை. நீறுபூத்த நெருப்பாக ஆழ்மக்கில் கனன்று, மேல்மண் காய்ந்ததும் மே மாதத்தில் மேலே வரும். 2002 முதல் 2018 வரை அலாஸ்காவையும் கனடாவின் வடமேற்குப் பகுதிகளையும் செயற்கைக்கோள் வழி ஆராய்ந்ததில், எரிந்த பரப்பில் இவற்றின் பங்கு சராசரியாக 0.8 சதவீதம்தான். ஆனால் முந்தைய ஆண்டு வெப்பமாக இருந்து ஆழமாக எரிந்திருந்தால் எண்ணிக்கை கூடுகிறது. இவை பழைய தீயின் விளிம்பை ஒட்டியே எழும், மின்னல் பருவம் தொடங்கும் முன்பே. ஆகவே மே மாதத்தில், மின்னல் இல்லாத நாளில், போன வருடம் எரிந்த இடத்தின் ஓரம் புகை கண்டால் பழைய புகைதானே என்று விடாமல், இடத்தைக் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.