சூட்டுல கிக் எடுக்காத ஒய்இசட்250எஃப்: வால்வைப் பாருங்க

யமஹா ஒய்இசட்250எஃப் மோட்டோகிராஸ் பைக் சூட்டுல எடுக்கலைன்னு கார்புரேட்டரை இன்னொரு தடவை கழட்டாதீங்க அண்ணாச்சி. காலையில ஒரே கிக், தேரியில (செம்மணல் மேட்டுல) ஓட்டி நிறுத்தினா எடுக்க மாட்டேங்குது, தள்ளினா எடுக்குதுன்னா பெரும்பாலும் இன்டேக் வால்வு (காத்தும் பெட்ரோலும் உள்ள வர்ற வால்வு) கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுற கேமுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி, இறுகியிருக்கு.

2001-ல இந்த வண்டி வந்ததே டைட்டானியம் வால்வோடதான். எடை குறைஞ்சாத்தான் இந்த இன்ஜின் சுத்துற அதிக ஆர்பிஎம்-ஐ தாங்கும். ஆனா மேல இருக்கிற கடினப் பூச்சு ரொம்ப மெல்லிசு. திசையன்விளைத் தேரியோட செம்மண் தூசி ஃபில்டரைத் தாண்டினா அதைத் தேய்ச்சிடும். வால்வு, அது உக்கார்ற சீட்டுக்குள்ள இறங்கி, சூட்டுல முழுசா மூடாம கம்ப்ரஷன் கசியும்.

1. ராத்திரி முழுக்க ஆறவிட்டு, கம்ப்ரஷன் டிடிசி-ல (அழுத்துற ஸ்ட்ரோக்குல பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடம்) நிறுத்தி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விடுங்க. கார்புரேட்டர் மாடலுக்கு இன்டேக் 0.10–0.15 மி.மீ. 0.10 தகடே நுழையலைன்னா கோளாறு அதுதான்.

2. ஃபில்டரைக் கழட்டி, இன்டேக் பூட்டுக்குள்ள (ஃபில்டர்ல இருந்து கார்புரேட்டருக்குப் போற ரப்பர் குழாய்) விரலால துடைச்சுப் பாருங்க. சிவப்பா ஒட்டினா தூசி உள்ள போகுது. ஸ்பாஞ்சுக்கு ஃபில்டர் ஆயில், விளிம்புக்கு கிரீஸ் கட்டாயம்.

கிளியரன்ஸை சரிபண்ற ஷிம் (சின்ன தகட்டு வில்லை) மாத்தினா சரியாகும். சீக்கிரமே திரும்ப இறுகினா பூச்சு போயிடுச்சு, வால்வையே மாத்தணும். பேஸ்ட் போட்டு லேப்பிங் (வால்வை சீட்டுல தேய்ச்சுப் பொருத்துறது) பண்ண மட்டும் யாரையும் விடாதீங்க, மிச்சப் பூச்சும் போயிடும்.